கர்ணன் சர்டிபிகேட் கேட்டானா?

செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. இரவு பத்தே முக்காலுக்குத் தொடங்கிய ‘கர்ண மோட்சம்’ விடிந்து ஐந்தே முக்காலுக்கு முடிந்தது. பள்ளிக்கூடத் திண்ணையில் ஜமா, அதாவது கூத்துக் குழு, வேஷம் கலைத்துக்கொண்டிருந்தது. கர்ணனாக இருந்தவர் புஜக்கட்டையை அவிழ்த்துவிட்டு, கயிறு அழுத்திய தோளைத் தேய்த்தபடி பீடி கேட்டுக்கொண்டிருந்தார். கட்டியக்காரர் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி முகத்தை வழித்துக்கொண்டிருந்தார். பாதி முகம் வெள்ளை, பாதி முகம் அவருடையது.

அந்த நேரம் பார்த்து விழாக் கமிட்டிப் பொருளாளர் மஞ்சள் பையோடு வந்தார். தாலுகா ஆபீசில் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். டீ வாங்கப் போன நான், பேச்சு சுவாரசியமாக இருந்ததால் டீ ஆறும்வரை நின்றுவிட்டேன்.

கூத்துப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: கட்டியக்காரன் என்பவன் ராஜா வருவதை அறிவிப்பவன். அதே மூச்சில் ராஜாவைக் கேலி பேசும் பாத்தியதையும் அவனுக்கு உண்டு. விடிந்த பிறகு அந்தப் பாத்தியதை செல்லுமா என்பது பொருளாளரின் மனநிலையைப் பொறுத்தது.

பொருளாளர்: ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லப்பா.

கட்டியக்காரர்: கூத்து அவ்ளோ நல்லா இருந்துச்சா சார்?

பொருளாளர்: அது கெடக்கட்டும். ஒரு மணிக்கு டப்ளின்லேர்ந்து பையன் போன் பண்ணான். அழாத குறை. அவன் ராப்பகலா கம்ப்யூட்டர் தட்டிக் கட்டற வரியில அந்த ஊர் கவர்மெண்டு என்ன பண்ணுது தெரியுமா? பாட்டுப் பாடறவன், படம் வரையறவன், சர்க்கஸ்காரன், எல்லாரையும் கூப்பிட்டு வாரம் 325 யூரோ கையில குடுக்குதாம். சும்மா!

கட்டியக்காரர்: நம்ம காசுக்கு எவ்ளோ சார்?

பொருளாளர்: முப்பதாயிரத்துக்கு மேல.

கட்டியக்காரர்: மாசத்துக்கு.

பொருளாளர்: வாரத்துக்குய்யா!

(எண்ணெய்த் துணி கீழே விழுந்தது. இது நடிப்பு இல்லை.)

கட்டியக்காரர்: சர்க்கஸ்காரனுக்கு உண்டுன்னா கட்டியக்காரனுக்கும் உண்டு. டப்ளின்ல திரௌபதி அம்மன் கோயில் எங்க சார் இருக்கு?

பொருளாளர்: கேலி பண்ணாத. 2022ல ஆரம்பிச்சாங்க. ஒம்பதாயிரம் பேருக்கு மேல மனு போட்டாங்க. 2,000 பேரைக் குலுக்கிப் போட்டு எடுத்தாங்க.

கட்டியக்காரர்: குலுக்கலா? சிபாரிசு லெட்டர் இல்லியா? வட்டச் செயலாளர் இல்லியா?

பொருளாளர்: இல்லையாம்.

கட்டியக்காரர்: அப்ப அது கவர்மெண்டே இல்ல சார். வேற என்னமோ.

பொருளாளர்: இன்னும் கேளு. பணம் குடுக்காம ஒரு ஆயிரம் பேரைத் தனியா வெச்சு, அவங்க எப்படி இருக்காங்கன்னும் கவனிச்சாங்களாம். குடுத்தா என்ன ஆகுது, குடுக்காட்டி என்ன ஆகுதுன்னு ஒப்பிட்டுப் பார்க்க.

கட்டியக்காரர்: அதுக்கு எதுக்கு சார் ஆயிரம் பேரைத் தேடினாங்க? ஒரு லெட்டர் போட்டிருந்தா நாங்க பதில் எழுதியிருப்போமே. எங்க தாத்தா காலத்துலேர்ந்து நாங்க அந்த கோஷ்டிதான்.

பொருளாளர்: இப்ப முடிவு என்னன்னா, போட்ட ஒரு யூரோவுக்கு 1.39 யூரோ பலன் வந்துச்சுன்னு 2025ல அவங்களே கணக்குக் காட்டி, திட்டத்தை நிரந்தரம் பண்ணப் போறோம்னு அறிவிச்சுட்டாங்க. அந்தக் கணக்கைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. கலைஞனோட மனநிம்மதிக்கெல்லாம் ஒரு விலை போட்டுக் கூட்டல்ல சேத்திருக்கான். முப்பத்துநாலு வருஷம் கணக்கு எழுதினவன் நான். மனநிம்மதியை எந்தப் பத்தியில எழுதறது?

கட்டியக்காரர்: நீங்க வருஷா வருஷம் அம்மன் அருளைக் காசாக்கி எங்க சம்பளத்துல சேக்கறீங்களே, அதே பத்தியில.

(பொருளாளர் இதைக் கேட்காதது போல மஞ்சள் பையைத் திறந்து மூடினார்.)

பொருளாளர்: இங்க மட்டும் என்ன குறை? நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் 2007லியே வந்தாச்சு. நீ மெம்பர்தானே?

கட்டியக்காரர்: மெம்பர்தான். கார்டு இருக்கு. புள்ளை படிக்க உதவி உண்டு, கல்யாணத்துக்கு உண்டு, பிரசவத்துக்கு உண்டு, மூக்குக்கண்ணாடிக்கு உண்டு, செத்தா எடுத்துப் போட உண்டு. நல்ல திட்டம், குறை சொல்லல. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் நடுவுல மனுஷன் தெனம் ரெண்டு வேளை சாப்பிடறானே, அது மட்டும்தான் விட்டுப் போச்சு.

பொருளாளர்: அதுக்குத்தான் நலிந்த கலைஞர் உதவித்தொகை இருக்கே. மாசம் 3,000.

கட்டியக்காரர்: அதுக்கு வயசு ஏறணும், வருமானம் இறங்கணும், நான் நலிஞ்சு போய்ட்டேன்னு சர்டிபிகேட் வாங்கணும். குரலு கணீர்னு இருக்கறப்ப பணம் இல்ல. பணம் வர்றப்ப குரலு இல்ல. சார், ராத்திரி நாலு மணிக்குக் கர்ணன் தன்னோட புண்ணியத்தையெல்லாம் தாரை வாத்துக் குடுத்தான். முன் வரிசையில ஒக்காந்து துண்டால கண்ணைத் தொடைச்சீங்க. நான் பாத்தேன். கிழவன் வேஷத்துல வந்து கேட்ட கிருஷ்ணன்கிட்ட கர்ணன் வருமானச் சர்டிபிகேட் கேட்டானா?

பொருளாளர்: அது புராணம்ப்பா. இது நிர்வாகம். சும்மா காசு குடுத்தா எவன் ஒழைப்பான்? வீட்ல ஒக்காந்தா காசு வருதுன்னா நீ எதுக்கு ராத்திரி முழுக்கத் தொண்டை கிழியக் கத்தப்போற?

கட்டியக்காரர்: 2023 செப்டம்பர் 15லேர்ந்து என் பொண்டாட்டிக்கு மாசம் 1,000 ரூபா உரிமைத்தொகை வருது. உங்க மருமகளுக்கு?

பொருளாளர்: அவளுக்கு வராது. நாங்க வரி கட்டறவங்க.

கட்டியக்காரர்: சரி, ஊர்ல பாக்கிப் பேருக்கு வருது. ஆரம்பிச்சப்பவே ஒரு கோடியே ஆறு லட்சம் பொம்பளைங்களுக்குக் குடுத்தாங்க. காசு வந்துடுச்சுன்னு எந்தப் பொம்பளையாவது மறுநாள் அடுப்பு மூட்டாம ஒக்காந்தாளா? ஒருத்தியைக் காட்டுங்க, நான் மீசை எடுத்துக்கறேன். ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் மழை. கூத்து கெடையாது. அப்ப எங்க ஜமாவை வெச்சுக் காப்பாத்தற மகாராஜா யாருன்னு நெனைச்சீங்க? என் பொண்டாட்டிதான். அந்த ஆயிரத்துலதான் மிருதங்கத்துக்குத் தோல் மாத்தினோம்.

(‘உதவி’ என்று சொல்லாமல் ‘உரிமை’ என்று பெயர் வைத்தார்களே, அது சின்ன விஷயம் இல்லை என்பது என் கட்சி. சம்பளம் இல்லாத வேலையும் வேலைதான் என்று ஒரு அரசாங்கமே காகிதத்தில் ஒப்புக்கொண்டது. கலைஞருக்கு நாம் இன்னும் அந்த அளவுக்குக்கூட வரவில்லை. அவருக்குப் பொன்னாடை போர்த்துவதோடு சரி.)

பொருளாளர்: ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. கூத்துங்கறது தொழிலா, தொண்டா? உங்கப்பா காலத்துல நெல்லு அளந்தா போதும், சந்தோஷமா ஆடிட்டுப் போவாரு. நீங்க என்னடான்னா கூலி, சங்கம், ரேட்டுன்னு பேசறீங்க. அம்மன் சன்னிதியில ரேட்டு பேசலாமா?

கட்டியக்காரர்: சவுண்டு சர்வீஸ்காரருக்கு எவ்ளோ சார் குடுத்தீங்க?

பொருளாளர்: பதினெட்டாயிரம்.

கட்டியக்காரர்: முழுசாவா?

பொருளாளர்: முழுசாத்தான். மொத நாளே ஜிபேல போட்டாதான் பாக்ஸை எறக்குவேன்னான்.

கட்டியக்காரர்: அவருக்கு அம்மன் மேல பக்தி இல்லியா?

பொருளாளர்: அவன் பிசினஸ்காரன்ப்பா.

கட்டியக்காரர்: அதான் சார். சீரியல் பல்பு பிசினஸு, வாணவேடிக்கை பிசினஸு, முந்தாநாள் நடந்த ஆர்கெஸ்ட்ரா பிசினஸு. தொண்டு செய்யற பாக்கியம் எங்களுக்கு மட்டும் வாய்ச்சிருக்கு. நோட்டீஸைப் பாருங்க. சவுண்டு சர்வீஸ் பேரு செல் நம்பரோட இருக்கு. நன்கொடை குடுத்த 43 பேரோட போட்டோ இருக்கு. நம்ம ஜமாவுக்கு என்ன போட்டிருக்கீங்க? ‘இரவு 10 மணிக்குத் தெருக்கூத்து நடைபெறும்.’ தானா நடக்குமா சார், தென்மேற்குப் பருவமழை மாதிரி?

பொருளாளர்: (நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்தபடி) சரி, நீ சொல்ற மாதிரியே தொழிலாளின்னு வெச்சுக்கோ. தொழிலாளின்னா போராடி வாங்கணும். எங்களைப் பாரு. 2003 ஜூலை. பென்ஷன்ல கை வெச்சாங்க, ஸ்டிரைக்ல எறங்கினோம். ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை டிஸ்மிஸ் பண்ணாங்க. நானும் ஒருத்தன். ஸ்டிரைக் பண்றது அடிப்படை உரிமை இல்லைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. பயந்தோமா?

கட்டியக்காரர்: பெரிய விஷயம்தான் சார். அந்த மாசம் வீட்ல ஒல எப்படிக் கொதிச்சுது?

பொருளாளர்: மாமனார் மூட்டை அரிசி அனுப்பினாரு. கூட்டுறவு சொசைட்டியில கொஞ்சம் சேமிப்பு இருந்துச்சு.

கட்டியக்காரர்: பாத்தீங்களா. முடியாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி வீட்ல ஒரு மூட்டை அரிசி இருக்கணும். முனி வேஷம் கட்டுவேன், மொட்டையன் வேஷம் கட்டுவேன், பொம்பளை வேஷம்கூடக் கட்டியிருக்கேன். முடியாதுன்னு சொல்ற வேஷம் மட்டும் இன்னும் எனக்குக் கட்ட வரல. நாங்க ஸ்டிரைக் பண்ணா என்ன பண்ணுவீங்க?

பொருளாளர்: பக்கத்து ஊர் ஜமாவைக் கூப்பிடுவோம்.

கட்டியக்காரர்: அவங்களும் வரலேன்னா?

பொருளாளர்: ஸ்கிரீன் கட்டி ‘கர்ணன்’ படம் போடுவோம். சிவாஜிக்குப் படி தர வேண்டாம்.

(இதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதே 2003 ஜூலையில் பிரான்ஸில் நடந்ததைச் சொன்னேன். அங்கே பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் வேலை பார்த்த நடிகருக்கும் லைட்மேனுக்கும் வேலை இல்லாத நாட்களுக்குப் படி உண்டு. அந்த விதியை இறுக்கப் பார்த்தார்கள். கலைஞர்கள் வேலையை நிறுத்தினார்கள். உலகப் புகழ் பெற்ற அவிஞோன் நாடக விழாவே அந்த வருஷம் ரத்தாயிற்று. நான் சொல்லி முடிப்பதற்குள் பொருளாளர் பேனாவை எடுத்துவிட்டார்.)

பொருளாளர்: இரு, இரு. வருஷத்துக்கு எத்தனை ராத்திரி ஆடறீங்க?

கட்டியக்காரர்: நல்ல வருஷமா இருந்தா அறுபது.

பொருளாளர்: ராத்திரிக்கு ஏழு மணி நேரம். ஏழு அறுபது நானூத்தி இருபது. 87 மணி குறையுது. ரிஜெக்டட்!

கட்டியக்காரர்: வேஷம் கட்ட ரெண்டு மணி நேரம் ஆவுதே, அதைச் சேத்தா 540 வருது சார்.

பொருளாளர்: மூஞ்சிக்குப் பவுடர் பூசறதெல்லாம் வேலையில சேராது.

கட்டியக்காரர்: நீங்க ஆபீஸ்ல பைல் கட்டை அவுத்த நேரம் சேந்துச்சா?

பொருளாளர்: அது... ஆபீஸ் நேரம்.

(507 மணியோ, நலிந்த சர்டிபிகேட்டோ, எல்லைக்கோடு போட்ட இடத்தில் ஒரு பொருளாளர் பேனாவோடு முளைத்துவிடுகிறார். நிபந்தனை இல்லாமல் கொடு என்று கேட்பவர்களின் பலமான வாதமே அதுதான்.)

பொருளாளர்: நான் கேக்கறதுக்கு நேரா பதில் சொல்லு. கலைஞனுக்கு மட்டும் ஏன்? ஆரணியில பட்டு நெய்யறவன் இருக்கான், சூளையில கல்லு அறுக்கறவன் இருக்கான், கரும்பு வெட்டறவன் இருக்கான். அவன் என்ன பாவம் பண்ணான்? கலைஞன்னா தலையில கொம்பா?

கட்டியக்காரர்: கிரீடம்தான் சார் இருந்துச்சு, அதையும் பெட்டியில வெச்சாச்சு. அவங்களுக்கும் குடுங்க. நான் வேணாம்னா சொன்னேன்?

பொருளாளர்: எல்லாருக்கும்னா கஜானா தாங்குமா? டெல்லியிலேயே 2017ல பொருளாதார ஆய்வறிக்கையில தலைக்கு வருஷம் 7,620 ரூபான்னு கணக்குப் போட்டுப் பாத்தாங்க. காந்தியோட பேசற மாதிரி ஒரு அத்தியாயமே எழுதினாங்க.

கட்டியக்காரர்: அப்புறம்?

பொருளாளர்: எழுதினாங்க.

(பொருளாளரின் கேள்வி நியாயமானது. அதை நகைத்துத் தள்ள எனக்கு மனசு வரவில்லை. அயர்லாந்தில்கூடக் குலுக்கலில் விழாத ஆறாயிரம் பேருக்கு மேல் வெளியே நின்றார்கள். ஆனால் நெசவாளிக்குக் கொடுக்காதவர்கள்தான் நெசவாளியைக் காட்டிக் கூத்தாடிக்கும் மறுக்கிறார்கள். கூத்தாடி கேட்க வந்தால் நெசவாளி, நெசவாளி கேட்க வந்தால் கல் அறுப்பவர். வரிசை நகர்வதே இல்லை.)

வேன்காரர் ஹாரன் அடித்தார். அன்று இரவு வந்தவாசிப் பக்கம் ஜமாவுக்கு ‘பதினெட்டாம் போர்’. பொருளாளர் எச்சில் தொட்டு நோட்டுகளை எண்ணினார்.

பொருளாளர்: இந்தா, இருபதாயிரம்.

கட்டியக்காரர்: பேசினது இருபத்தஞ்சு. அச்சாரம் ரெண்டு போக இருபத்து மூணு வரணும் சார்.

பொருளாளர்: பத்து மணிக்குன்னு நோட்டீஸ் போட்டோம். பத்தே முக்காலுக்கு ஆரம்பிச்சீங்க. அந்த முக்கால் மணிக்குப் பிடித்தம்.

கட்டியக்காரர்: அந்த முக்கால் மணி நேரமும் நீங்கதான் சார் மைக்கைப் புடிச்சு 43 நன்கொடையாளர் பேரையும் படிச்சீங்க! டப்ளின்ல இருக்கற உங்க பையன் பேரை ரெண்டு தடவை படிச்சீங்க!

பொருளாளர்: முந்நூறு யூரோ அனுப்பியிருக்கான்ப்பா. ரெண்டு தடவை படிக்க வேணாமா? விடு, அம்மனுக்குச் செஞ்சதா நெனைச்சுக்கோ. அடுத்த வருஷமும் நீதான் வரணும். கர்ண மோட்சம்தான். அந்தத் தானக் கட்டத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் இழுத்து ஆடச் சொல்லு.

ஹாரன் மறுபடியும் அடித்தது. கட்டியக்காரர் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு வேனில் ஏறினார்.

அச்சாரத்தையும் சேர்த்து ஜமாவுக்கு வந்தது 22,000. வேன் வாடகை 4,000. ஆட்கள் 14 பேர். கர்ணனுக்கும் கட்டியக்காரருக்கும் பெட்டி தூக்கிய பையனுக்கும் சமபங்கு. ஆளுக்கு 1,285 ரூபாய் 71 காசு.