கண்ணுக்கும் உண்டு கல்லடைப்பு!

கே: கண்ணீர்ப் பாதையில் கல் வருமாமே, நிஜமா?

நிஜம்தான். கீழிமையை லேசாக இழுத்துக் கண்ணாடியில் பாருங்கள். மூக்கோரமாக ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரியும். மேலிமையிலும் ஒன்று உண்டு. கண்ணீர் அதில் இறங்கி, மெல்லிய குழாய், சின்னப் பை, பிறகு மூக்கு என்று போகிறது. அழும்போது மூக்கை உறிஞ்சுவது இதனால்தான். வழியில் எங்கே தேங்கினாலும் கல் கட்டலாம்.

கே: வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரையுமா?

வாழைத்தண்டைப் பொரியல் செய்து திருப்தியாகச் சாப்பிடுங்கள். கண்ணுக்கு அதனால் லாபமில்லை. இது சிறுநீரகக் கல் மாதிரி கெட்டி ஆசாமி அல்ல. பெரும்பாலும் புரதம், சளி, உதிர்ந்த செல்கள் திரண்ட கட்டி. சாதாரண எக்ஸ்ரேயில்கூட அநேகமாகச் சிக்காது!

கே: யார் செய்த வேலை இது?

இமையோரக் குழாயில் என்றால் முதல் சந்தேகம் ஆக்டினோமைசிஸ் என்ற பாக்டீரியா மீது. மஞ்சள் குருணையாகத் திரளும். 1854-லேயே ஜெர்மனியின் கிராஃபே இந்தக் குழாய்க் கற்களைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் பூஞ்சை என்று எழுதினார். பாக்டீரியா செய்த தப்புக்குப் பூஞ்சை மேல் வழக்கு!

கே: பைக்குள் வரும் கல்லுக்கு?

தேக்கமும் நாள்பட்ட அழற்சியும். சில சமயம் நிஜமாகவே பூஞ்சை. உள்ளே நழுவிய ஒற்றை இமைமுடி போதும், அதைச் சுற்றியே திரண்டுவிடும். கண் அழுத்த நோய்க்கு அட்ரினலின் சொட்டு மருந்தை நெடுங்காலம் போட்டவர்களுக்குக் கன்னங்கரேல் என்று கட்டியதும் உண்டு. மருந்தே கல்லான கதை.

கே: எங்கள் ஊரில் ஒரு பாட்டி நாக்கால் தடவியே கண் தூசி எடுப்பார். அவரிடம் போகலாமா?

கல் இருப்பது பாதைக்குள். நாக்கு அங்கே போகாது, நாக்கிலுள்ள கிருமி போகும்.

கே: எப்படித்தான் கண்டுபிடிப்பது?

ஒரு கண்ணில் மட்டும் ஓயாமல் நீர், இமையோரம் வீக்கம், அழுத்தினால் சீழ், சொட்டு மருந்து போட்டால் அடங்கி, நிறுத்தியதும் திரும்பி வருவது. மனக்கவலை என்றால் இரண்டு கண்ணும் அல்லவா அழும்?

கே: சிகிச்சை?

குழாயில் இருந்தால் துளையை லேசாகத் திறந்து வழித்தெடுப்பார்கள். பையில் இருந்தால் மூக்குக்குப் புதுவழி போடும் ‘டிசிஆர்’ அறுவை. இத்தாலியின் டோட்டி 1904-ல் சொன்ன முறை. மருந்துக்கடையில் மாற்றி மாற்றிச் சொட்டு மருந்து வாங்காதீர்கள். கல்லை எடுக்காத வரை, தீர்வது பாட்டில் மட்டும்தான்!