சேலை கிழியும் திசை

எங்கள் வீட்டில் போர்வை தைப்பதற்கென்று காசு கொடுத்து வாங்கிய பொருள் ஊசி ஒன்றுதான். அதையும் அரூர்ச் சந்தையில் வளையல் கடைக்காரரிடம் ஆயா (பாட்டி) பொறுக்கி வாங்குவார். மற்ற எல்லாமே அடுப்படியிலும் கொட்டகையிலும் வேலியோரத்திலும் வேறு வேலையில் இருந்தவை. சித்திரையில் காட்டுவேலை ஓய்ந்து, புளி உடைத்து முடித்த மதியங்களில் அவை போர்வை வேலைக்கு வரும். முடிந்ததும் அதனதன் இடத்துக்குப் போய்விடும்.

அது 1970-கள். 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மாவட்டத்துக்குள் அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேர்ந்தே இருந்தன. மலையடிவார ஊர்களில் மார்கழி, தை இரவுகள் எலும்பைத் தொடும். கம்பளி வாங்கக்கூடிய வீடுகள் சில. மற்ற வீடுகளுக்குப் பழஞ்சேலைப் போர்வை. தெலுங்கு பேசும் அண்டை வீட்டில் அது பொந்த, கன்னடம் பேசும் வீட்டில் கவுதி. எந்தப் பெயரில் தைத்தாலும் வேலை ஒன்றுதான்.

இன்று என் தம்பி மகள் பெங்களூருவில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் இதே வேலையைக் கற்றுக்கொள்கிறாள். அவளிடம் ஒரு பெட்டி நிறையக் கருவி இருக்கிறது. உருளைக் கத்தி, அதற்கு அடியில் விரிக்கும் பச்சைப் பாய், கோடு போட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஸ்கேல், துணியைக் கவ்வும் சின்னச் சின்ன கிளிப், தண்ணீர் பட்டால் அழியும் பேனா, விரலுக்கு உறை, ஊசி ஒட்டிக்கொள்ளும் காந்தத் தட்டு. ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி, "அத்தை, உங்க காலத்துல இதுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பதில்களைச் சொல்லிக்கொண்டே வந்தபோதுதான், அந்தப் பழைய கருவிகள் ஏன் எங்கள் கையை விட்டுப் போயின என்பதும் எனக்குப் பிடிபட்டது.

முதலில் வெட்டுவது. ஆயா வெட்டவே மாட்டார். அரிவாள்மனையில் சேலையின் ஓரத்தை ஒரு விரல் நீளத்துக்குக் கீறுவார். பிறகு நான் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் பிடித்து இழுக்கவேண்டும். பருத்தி நெசவில் ஊடை இழை நேராக ஓடுகிறது. கிழிசல் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு மறுகரை வரை நேராகப் போய் நிற்கும். "வெட்டுனா கோணும், கிழிச்சா கோணாது" என்பார் ஆயா. அதனால் அளவுகோலும் வேண்டியதில்லை. அகலத்துக்குச் சாண், நீளத்துக்கு முழம். இரண்டு சேலைகளைத் தனித்தனியே இரண்டாக மடித்துப் பக்கத்தில் பக்கமாக வைத்தால், இரண்டு பேர் தாராளமாகப் படுக்கும் அகலம் கிடைத்துவிடும். அதற்கு உள்ளே நைந்த வேட்டி, துண்டு, பாவாடை எல்லாம் அடுக்கடுக்காகப் போகும்.

விரித்த அடுக்கு நகராமல் இருக்க நான்கு மூலையிலும் பாரம் வேண்டும். ஒரு மூலையில் அம்மிக் குழவி, ஒன்றில் இரும்புப் படி, மற்ற இரண்டில் ஆற்றுக் கல். அடுத்து, அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்க முள். கருவேல முள் விரல் நீளத்துக்கு நேராக, வெள்ளையாக இருக்கும். வேலியில் காய்ந்த கிளையிலிருந்து ஒடித்து வந்து, நுனி மழுங்காததாகப் பார்த்து, முறத்தில் பரப்பி வைப்போம். ஒரு போர்வைக்கு ஒரு முறம் முள் வேண்டும். குண்டூசி துரு ஏறித் துணியில் கறை வைக்கும், முள் வைக்காது. பருத்திக்குள் முள் இறங்கும்போது இழைகள் விலகி வழி விடும், எடுத்த பின் மறுபடி கூடிக்கொள்ளும். ஒரு துளைகூடத் தெரியாது.

கோடு போடுவதற்குத் தேய்ந்துபோன சோப்புச் சில்லு. தையல்காரர்கள் பலர் இன்றும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். கரும்பச்சையிலும் அரக்கிலும் அந்தக் கோடு பளிச்சென்று தெரியும்; முதல் சலவையில் போய்விடும். வெளிர்த் துணிக்கு அடுப்புக்கரி. நீளக் கோட்டுக்கு ஒரு நூலில் கோலமாவைத் தடவி, இரண்டு முனையிலும் ஆள் பிடித்துக்கொண்டு நடுவில் சுண்டிவிட வேண்டும். எங்கள் ஊர்த் தச்சர் பலகைக்குச் செய்வதை ஆயா துணிக்குச் செய்தார். வட்டம் வேண்டுமானால் வளையல். பெரிய வட்டத்துக்குச் சொம்பின் அடி. கட்டத்துக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. சுருக்கம் எடுக்க, பித்தளைச் சொம்பில் கங்கு போட்டுத் தேய்ப்போம். நூலுக்குச் சாக்கு மூட்டை. சர்க்கரைச் சாக்கின் வாயில் போட்ட சங்கிலித் தையலுக்கு ஒரு முனை உண்டு. சரியான முனையைப் பிடித்து இழுத்தால் மொத்த நூலும் ஒரே இழையாக உருவிக்கொண்டு வரும். அதை மெழுகுவத்தித் துண்டில் ஓட்டி எடுத்தால் முடிச்சு விழாது. ஊசி அடுக்குக்குள் சிக்கி நின்றால், சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டால் பிடித்து இழுப்பார்கள். அதைவிட நல்ல பிடி இன்றைய பெட்டியில்கூட இல்லை என்பது என் எண்ணம்.

சட்டம் கிடையாது. தைப்பவர் போர்வை மேலேயே உட்கார்ந்துகொள்வார். உடம்பின் பாரமே துணியை இழுத்துப் பிடிக்கும். ஆயா ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார். வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்களின் போர்வைகளைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது, அவர்களும் ஒரு மூலையில் தொடங்கி ஓரமாகவே சுற்றி நடுவில் முடிக்கிறார்கள் என்று தெரிந்து மகிழ்ந்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். போர்வையைக் கவந்த் என்பார்கள். நான்கு மூலையிலும் முக்கோணத் துணிப்பூ வைக்காத போர்வை அவர்கள் கணக்கில் முடிந்த போர்வை ஆகாது.

கையில் கிடைத்ததைக் கருவியாக்குவது ஏழை வீட்டுச் சமாளிப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 1718 என்று ஆண்டு தைத்த ஒரு பட்டு விரிப்பு இருக்கிறது. யார்க் நகரைச் சேர்ந்த குவில்ட் (தைத்த அடுக்குப் போர்வை) கலைஞர்கள் சங்கம் அதைப் பாதுகாக்கிறது. பட்டுத் துண்டுகளை வடிவம் கெடாமல் மடிக்க உள்ளே வைத்த காகிதங்கள் இன்னும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆயாவின் கல்யாணப் பத்திரிகை அட்டைக்கு அது மூத்த உறவு. கடையில் விற்கும் கருவிகளும் அப்படித்தான். அமெரிக்காவில் நேர்கோட்டுக்காகப் போர்வைக்காரர்கள் ஒட்டும் காகித நாடா, 1925-இல் கார்களுக்கு இரண்டு வண்ணம் பூசுகிறவர்களுக்காக ரிச்சர்ட் ட்ரூ என்பவர் செய்தது. என் தம்பி மகள் பெட்டியில் இருக்கும் உருளைக் கத்தியை 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய யோஷியோ ஒகாடா, சாக்லேட் கட்டியை ஒடிப்பதைப் பார்த்துத்தான் 1956-இல் நுனி ஒடித்துப் பயன்படுத்தும் பிளேடுக் கத்தியை யோசித்தார். இன்னொரு வேலைக்கான பொருளைப் பார்த்து, இது என் வேலைக்கும் ஆகுமே என்று நினைக்கும் புத்திதான் எல்லா இடத்திலும் கருவியைப் பெற்றிருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்தப் புத்தி நிறைய இருந்தது. அதை யாரும் புத்தி என்று எழுதி வைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அப்புறம் இந்தப் போர்வைத் தையல் ஏன் நின்றது? பெண்களுக்குச் சோம்பல் வந்துவிட்டது, கடைப் போர்வை மலிந்துவிட்டது என்று சொல்வார்கள். இரண்டாவது உண்மை, முதலாவது பொய். எங்கள் பக்கத்துப் பெண்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் பெங்களூருக் கட்டட வேலைக்கும் போய் உழைத்துக் கொட்டுகிறார்கள். தமிழ்நாட்டின் முதல் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் தொடங்கியதும் இந்தத் தர்மபுரி மாவட்டத்தில்தான், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. குழுக் கடனில் தையல் மெஷின் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஜாக்கெட் தைத்து மிஞ்சிய வெட்டுத்துணியில் அவர்கள் கொஞ்ச காலம் அழகழகாக ஒட்டுப் போர்வை தைத்தார்கள். கைக்கும் மெஷினுக்கும் குறை இல்லை. போனது துணி.

ஆயா கிழித்தது பெரும்பாலும் கைத்தறிப் பருத்தி. 1976-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஜனதா துணித் திட்டத்தில் மலிவு விலைக்கு வந்த முரட்டுச் சேலைகள் எங்கள் வீட்டில் நிறைய இருந்தன. புதிதில் உடம்பை உறுத்தும். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். சேலையாக உயிர் போகும் நேரத்தில்தான் போர்வைக்குச் சரியான பதம் வரும். பிறகு நைலெக்ஸ் வந்தது, அதன் பின்னால் பாலியெஸ்டர். துவைத்தால் உடனே காயும், சாயம் போகாது, வருடக்கணக்கில் நைந்து போகாது. நாள் முழுக்க வயலில் நிற்கும் பெண்ணுக்கு அது பெரிய விடுதலை. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1983-இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தின் துணிகளிலும் பிற்காலத்தில் பாலியெஸ்டர் கலந்துவிட்டது.

பாலியெஸ்டர் சேலையை அரிவாள்மனையில் கீறி இழுத்துப் பாருங்கள். நேராகக் கிழியாது; இழை இழுபட்டுச் சுருங்கிக்கொள்ளும். கருவேல முள்ளைக் குத்தினால் இழை மாட்டி நீளக் கோடாக உருவிக்கொள்ளும். கங்குச் சொம்பை வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். மடித்து நகத்தால் கீறினால் மடிப்பு நிற்காது. அடுக்கி வைத்தால் வழுக்கும். குழவியும் படியும் ஓரத்தைத்தான் பிடிக்கும், நடு நகர்ந்துவிடும். அந்தத் துணிக்குக் கூரான உருளைக் கத்தியும் கிளிப்பும் இல்லாமல் முடியாது. அரிவாள்மனையும் முள்ளும் சொம்பும் பழசாகிப் போனதால் கைவிடப்பட்டவை அல்ல. அவற்றின் பேச்சைக் கேட்கும் துணி வீட்டை விட்டுப் போனது. பின்னாலேயே அவையும் போயின. என் தம்பி மகளுக்கு நான் சொன்ன பதில்களில் பாதிக்கு மேல், பருத்தி இல்லாவிட்டால் செல்லாது.

திருப்பூருக்குப் போன பிள்ளைகள் மூட்டையாகக் கொண்டுவரும் பனியன் வெட்டுத்துணி பருத்திதான். ஆனால் அது பின்னல் துணி. இழுத்தால் நீளும், நேராகக் கிழியாது. நடு அடுக்காக வைத்தால் நல்ல கதகதப்பு. மேல் அடுக்குக்கு ஆகாது.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு வழி கண்ட இடம் உண்டு. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கி பள்ளத்தாக்கு. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993-இல் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கிய ஊர். அங்கே லம்பாடிப் பெண்களின் பூத்தையல் இரண்டு தலைமுறையாக விட்டுப் போயிருந்தது. வயதான சில பெண்களின் விரல்களில் மட்டும் மிச்சம் இருந்தது. அவர்களிடமிருந்து இளம்பெண்கள் கற்று, போர்கை என்ற அமைப்பாகச் சேர்ந்து, இன்று ஆடையும் பையும் தலையணை உறையும் தைத்து விற்கிறார்கள். கோடும் கட்டமும் முக்கோணமுமாக வரும் அந்தத் தையல், நெசவின் இழையைப் பிடித்துக்கொண்டு போவது. அவர்கள் எடுத்துக்கொண்ட துணி ரசாயன உரம் போடாமல் விளைந்த பருத்தி, சாயம் இயற்கைச் சாயம். தையலை மீட்க வேண்டுமென்றால் துணியையும் மீட்க வேண்டும் என்பதை அவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், சென்னையில் 2019-இல் இந்தியக் குவில்ட் விழா நடந்தது. நகரத்தில் ஆர்வம் வளர்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கடையில் புதுத் துணி வாங்கித் துண்டாக வெட்டித் தைப்பது ஒரு கலை. உடுத்தித் தீர்ந்த துணிக்கு இன்னொரு ஆயுள் கொடுப்பது வேறு கலை. முன்னதற்குக் காசு இருந்தால் கருவி கிடைக்கும். பின்னதற்குப் பருத்தி வேண்டும்.

எனவே ஒரு வேண்டுகோள். பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர் தெருவில் வரும்போது, பெட்டியில் இருப்பதை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றின் ஓரத்தையும் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழிவதைத் தனியே எடுத்து வையுங்கள். அம்மாவின் சேலை, அப்பாவின் எட்டு முழ வேட்டி எதுவானாலும் சரி. நாலைந்து சேர்ந்தால் போதும். வீட்டில் ஊசியும் சோப்புச் சில்லும் இருக்கும், பழைய வேலையை நினைவிலிருந்து கிண்டி எடுக்க ஒரு பெரியவரும் இருப்பார். அவர் இருக்கும்போதே உட்கார்ந்து தைத்துவிடுங்கள்.