எதுல ஓடுதுன்னு எவம்ல கேட்டான்?

என்னல பேராண்டி, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு? ராத்திரி பூரா முழிச்சியோ? வலைப்பக்கம் கட்ட புதுசா ஏதோ சாமான் வந்திருக்காமே. என்னது, வீட்டா? போன மாசம் வெப்பேக்குன்னு ஒண்ணத் தலையில வச்சு ஆடுனியே, அதுக்கு என்ன கேடு வந்துச்சு? வேகம் பத்தலையா? எம்புட்டு நேரம் மிச்சம்? நாலஞ்சு விநாடியா? அந்த நாலஞ்சு விநாடிய மிச்சம் புடிக்க ஒரு வாரம் தூங்காம கெடக்க. கெட்டிக்காரப் பயதான்.

சம்பளத்துக்குச் செஞ்சாலும் மனசு ஆறும். நீ பகல்ல உரக்கடைக் கணக்கு எழுதுத. பொழுது அடஞ்சாத்தான் புரோகிராமரு.

நீ எழுதுத இந்த ஜாவாஸ்கிரிப்ட் இருக்குல்லா, அத 1995ல நெட்ஸ்கேப் கம்பெனியில பிரெண்டன் ஐக்ங்க மனுசன் 10 நாள்ல எழுதிப் போட்டாரு. அவசரத்துல பொறந்தது. அதுல உள்ள கோணலச் சரி பண்ணத்தான் 30 வருசமா ஆளு மாத்தி ஆளு வாராவ. 2006ல ஜேக்வரி. 2010ல கூகிள்காரன் ஆங்குலர்ஜேஎஸ். 2013ல ஃபேஸ்புக்காரன் ரியாக்ட். மறு வருசம் வ்யூ. 2016ல ஸ்வெல்ட். அதே 2016ல கூகிள்காரன் தான் பெத்த ஆங்குலரையே மொதல்ல இருந்து திருப்பி எழுதி, பழசுக்கும் புதுசுக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்லன்னுட்டான். 2021 முடிஞ்சதோட பழசுக்கு வைத்தியம் பாக்கதயும் நிறுத்தியாச்சு. அத நம்பி ராத்திரி முழிச்சவன்லாம் என்ன ஆனான்? வேற ஒண்ணுக்கு முழிச்சிக்கிட்டு இருப்பான்.

ரியாக்ட் பொறந்த 2013 எனக்கு மறக்காதுல. அந்த வருசம் சூலையிலதான் நம்ம நாட்டுல தந்திய மூடுனாவ. நான் தந்தி ஆபீசுல கெடந்தவன். மோர்சு கட்டையத் தட்டுனேன். டெலிபிரிண்டரு வந்துச்சு, அதையும் தட்டுனேன். பொறவு கம்ப்யூட்டரு. தந்தி குடுக்க வந்தவ ஒருத்தியாவது, "இது எந்த மெசின்ல போவுது அண்ணாச்சி"ன்னு கேட்டிருப்பாளா? "மவன் கையில எப்பச் சேரும்? வார்த்தைக்கு எம்புட்டு?" அம்புட்டுத்தான் கேப்பா.

இன்னொண்ணு கேளு. நெசமா நடந்தது. 2016 மார்ச்சு. லெஃப்ட்-பேடுன்னு ஒரு கோடு பொட்டலம். மொத்தமே 11 வரி. அதுக்கு என்ன சோலி தெரியுமா? எழுத்து நீளம் கொறஞ்சா, எடது பக்கம் வெத்து எடம் போட்டு நெரவும். எழுதுனவருக்கும், இந்தப் பொட்டலமெல்லாம் கெடக்குற என்பிஎம் கடைய நடத்துறவகளுக்கும் வேற ஒரு பொட்டலத்தோட பேர வச்சுத் தகராறு. மனுசன் ரோசக்காரன். என் சாமான் ஒண்ணும் ஒங்க கடையில கெடக்க வேண்டாம்னு எல்லாத்தையும் உருவிட்டாரு. தொலஞ்சுதுல்லா! பேபல்ங்க சாமான் அந்த 11 வரிய நம்பிக் கெடந்துச்சு. ரியாக்ட்காரன் பேபல நம்பிக் கெடந்தான். பெரிய பெரிய கம்பெனியில படிச்சவன்லாம் பேய்முழி முழிக்கான். எடது பக்கம் எடம் விட ஆளில்ல! ரெண்டு மணி நேரம் போல கழிச்சு என்பிஎம்காரனே அதத் திரும்ப எடுத்து வச்சான்.

ஏல, அந்த 11 வரிய ஒன்னால எழுத முடியாதா? பொறவு எதுக்கு எரவல்? நோட்-மாட்யூல்ஸ்னு ஒரு ஃபோல்டர் வச்சிருக்கியே, அதத் தொறந்து பாரு. ஒம் பேரச் சொல்லி வணக்கம் வைக்க ஒரு பக்கம். அதுக்குள்ள எத்தன நூறு பொட்டலம்! எழுதுனவன் ஒருத்தன் பேராவது தெரியுமா? அடுத்த வீட்டுல மோர் குடுத்தா மோந்து பாத்துட்டுக் குடிக்கிற பய நீ.

குபர்னெட்டிஸ் படிக்கேன்னியே, அது எதுக்கு? கூகிள்காரன் 2014ல வெளிய விட்டது. கூட்டங் கூட்டமா கம்ப்யூட்டர் வச்சிருக்கவன் அத மேய்க்கதுக்கு வேணும். ஒன் பக்கத்துக்கு வாரது யாரு? நீ, ஒங்கம்மா, கை தவறி அமுக்குன நான். நாளைக்கே லச்சம் பேரு வந்தாங்கியா? வரட்டும்ல. எலை போட்டுருவோம்.

பிஎச்பி வந்த காலத்துல பக்கத்த சர்வர்லயே முழுசாக் கட்டி அனுப்புனாவ. பொறவு அது பட்டிக்காட்டுத்தனம்னு எல்லாத்தையும் பிரவுசர் தலையில ஏத்துனாவ. இப்ப மறுபடியும் சர்வர்லயே கட்டுதாவளாம். அதுக்கு மாநாடு வேற. இன்னொரு கூத்து, வாயால சொன்னா மெசினே எழுதித் தருதாமே, அதுக்கு 2025ல ஆந்த்ரே கர்பாத்திங்க மனுசன் வைப் கோடிங்னு பேரும் வச்சிட்டாரு. எழுதித் தந்தத வாசிச்சியால? ஓடுதுல்லா தாத்தாங்க!

வெளையாடாதன்னா சொல்லுதேன்? வெளையாடு. இந்த வயசுல வெளையாடாம எப்ப வெளையாடப் போற? வெளையாடுதேன்னு வாயத் தொறந்து சொல்லிட்டு வெளையாடு. ஒலகத்தையே நீதான் தாங்குத மாதிரி மொகத்த எதுக்கு இம்புட்டு நீளமா வச்சிக்கிடுத? 1991ல செர்ன்ல டிம் பெர்னர்ஸ்-லீ போட்டாருல்லா மொத வலைப்பக்கம், வெறும் எச்டிஎம்எல், அத அதே முகவரியில இன்னைக்கும் வச்சிருக்காவ. ஒன் போன்லயே தொறக்கும். நீ போன வருசம் செஞ்சத ஓட்டிக் காட்டு பாப்போம். ஏன், வெர்சன் மாறிட்டோ?

போட்டும். ஒரு சோலி சொல்லுதேன். அம்மன் கொடைக்கு வரி பிரிச்ச நோட்டு எங்கிட்ட கெடக்கு. பம்பாயில இருக்கவனும் துபாயில இருக்கவனும், பணம் அனுப்புனேனே வரவு வச்சீகளான்னு போன் போட்டு உசுர எடுக்கான். பேரு, ரூவா, தேதி. ஒத்தப் பக்கம் போதும். வேணும்னா பின்னால கணக்கச் சேத்து வைக்க எஸ்கியூலைட்ட வச்சுக்கோ. 2000ல இருந்து இருக்கு, ஒத்தக் கோப்புல அடங்கிரும், ஒன் போனுக்குள்ளயே அது ஓடுது. நாளைச் சாயங்காலம் முடிஞ்சிருமா?

என்னல தலையச் சொறியுத? ரியாக்டா ஸ்வெல்டான்னு ரோசிக்கியோ? எதுலயும் செய்யி, எனக்கென்ன. குடுக்காதவன் பேர மட்டும் செவப்பு எழுத்துல போட முடியுமால?