லூ ஜிஷென்னின் துறவு

'ஷுய்ஹு ஜுவான்' என்னும் சீனத்துக் கொள்ளையர் நாவலிலே வரும் 108 வீரர்களில் லூ ஜிஷென் என்பவர், ஓர் ஏழைப் பெண்ணிடம் தான் கொடாத பணத்தையே திருப்பிக் கேட்டு வதைத்த கசாப்புக்காரனை மூன்றே குத்தில் பரலோகம் அனுப்பிவிட்டு, ராஜதண்டனைக்குத் தப்ப வேறு மார்க்கமின்றி, வூதாய் மலை மடத்தில் தலையை மழித்துக்கொண்டவர். கொல்லாமை, கள்ளுண்ணாமை முதலிய 5 விரதங்களையும் மடாதிபதி ஓதியபோது, அந்த மகானுபாவர் அவற்றை ஞாபகத்தில் வைத்துக்கொள்வதாக வாக்களித்தார், அநுஷ்டிப்பதாகச் சொன்னாரில்லை. பின்னொரு நாள், மூக்குமுட்டக் குடித்து வந்து, வாயிற்காவல் தெய்வங்களின் சிலைகளை உடைத்து வீழ்த்தி, மடியிலிருந்து நாய்க்கறியை எடுத்துத் தாம் புசித்ததோடு நில்லாமல், பக்கத்திலிருந்த துறவியின் வாயிலும் அவர் திணித்தார். சிலை உடைந்த சேதியோடு அலறி வந்தவர்களிடம் மடாதிபதி காட்டிய சாந்தம் அபூர்வமானது: உடைத்தவருக்குச் செல்வந்தரான புரவலர் ஒருவர் உண்டு, புதுச் சிலைக்கு அவரே பொறுப்பு என்பது அவருடைய சித்தாந்தம். இந்த முரடரே மற்றெல்லாரினும் மேலான ஞானம் பெறுவார் என்பதும், நல்ல வேளையாக, அவருக்கு முன்பே தியானத்தில் தெரிந்திருந்தது. ஆயினும் அந்த ஞானம் வேறெங்காவது சித்திக்கட்டும் என்று எண்ணினார் போலும். சிபாரிசுக் கடிதமொன்றைக் கொடுத்துத் தலைநகரத்து மடத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்தவர்கள் விவரமறிந்தவர்கள், திருடர் தொல்லை மிகுந்த காய்கறித் தோட்டத்துக்கு அவரை அதிகாரியாக்கினார்கள்.