டாக்டர் வைத்திருந்த வண்டி

பழைய கார் விளம்பரங்களை இனிமேல் படிப்பதில்லை என்று முடிவெடுத்த பிறகும் கண் அங்கேதான் போகிறது. இன்று காலை சிக்கியது இது: 'பிரெஸ்ஸா டீசல், 2017, சிங்கிள் ஓனர், டாக்டர் வைத்திருந்தது, 28,000 கி.மீ. மட்டுமே.' குடும்பத்துக்கு ஒரு சின்ன எஸ்.யூ.வி.யைச் செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர் எதை வாங்கலாம், அது வருடத்துக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் அந்த டாக்டரைக் கொஞ்சம் கவனித்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்கள் எல்லாம் டாக்டர்களிடமிருந்தே வருகின்றன. வக்கீல் வைத்திருந்த வண்டி என்று யாராவது விளம்பரம் கொடுத்து நீங்கள் பார்த்ததுண்டா? ரியல் எஸ்டேட்காரர், கட்சிக்காரர், கல்லூரிக்குப் போகும் பையன், டிராவல்ஸ் நடத்தும் மச்சான் ஆகியோரும் வண்டி வாங்குகிறார்கள், ஓட்டுகிறார்கள், இடிக்கிறார்கள்; விற்பது மட்டும் இல்லை போலிருக்கிறது. டாக்டர் ஒருவர்தான் விற்றுக்கொண்டே இருக்கிறார். இத்தனை வண்டியை வாங்கி விற்பவர் நோயாளியை எப்போது பார்ப்பார் என்று நாம் கேட்பதில்லை. என்ன டாக்டர் என்றும் கேட்பதில்லை. பல் டாக்டர் என்றால் சரி, பல்லைக் கடித்துக்கொண்டாவது ஒழுங்காக சர்வீஸ் விட்டிருப்பார். கால்நடை டாக்டர் என்றால் வண்டி பார்த்த மண்பாதைகளை அதன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மைத் தட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிரசவ டாக்டர் என்றால் நள்ளிரவு இரண்டு மணிக்கு எஞ்சினைக் கிளப்பிய மாத்திரத்தில் மூன்றாவது கியரில் பறந்திருப்பார். குழந்தை காத்திருக்காது, டர்போவுக்கு ஆயில் ஏறும்வரை அவரும் காத்திருந்திருக்க மாட்டார். முனைவர் பட்டம் வாங்கிய பேராசிரியரும் டாக்டர்தான். கௌரவ டாக்டர்களை வேறு கணக்கில் சேர்த்தால், சுற்றிச் சுற்றி மறுபடி கட்சிக்காரரின் வண்டியில் வந்து நிற்போம்.

சரி, நிஜ டாக்டர், உண்மையிலேயே 28,000 கிலோமீட்டர்தான் என்றே வைத்துக்கொள்வோம். அது நல்ல செய்தி என்று யார் சொன்னது? எட்டு வருடத்தில் அவ்வளவுதான் என்றால் நாளைக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து வீடு. டீசல் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடுவார்கள். எஞ்சினுக்குள் சேரும் ஈரம் ஆவியாக நேரமில்லை, புகைக்கரி, புகையை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்விலேயே குடியேறும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு தயாரான டீசல்களில் இன்னும் விசேஷம்: புகைக்குழாயில் இருக்கும் டி.பி.எஃப். வடிகட்டி, கரியை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலையில் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓடியாக வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டுமே போய்வந்தால் அது அடைத்துக்கொண்டு விளக்கெரியும். இறைக்கிற கிணறுதான் ஊறும்; காரும் அந்த ஜாதிதான். பிறகு, கிலோமீட்டரைப் பாராமல் காலண்டரைப் பார்த்துக் கிழடாகிற சாமான்கள் இருக்கின்றன. டயர் ரப்பர் நின்ற இடத்திலேயே இறுகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பேட்டரி செத்துப்போகும். ஓடாத வண்டியின் பானெட்டுக்குள் எலி குடும்பம் நடத்தி ஒயரைக் கடிக்கும். எஞ்சின் ஆயிலுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று கையேடுகள் சொல்கின்றன. நம் ஆட்கள் கிலோமீட்டரை மட்டும் படிப்பார்கள். அந்தக் கணக்கில் இந்த வண்டி வாழ்நாளில் பார்த்தது இரண்டே ஆயில் சர்வீஸ்.

'குறைவாக ஓடினால் தேய்மானம் குறைவுதானே' என்பீர்கள். உண்மை. கிளட்ச் பிளேட், ஷாக் அப்சார்பர், சீட் எல்லாம் தெம்பாக இருக்கும். அதற்காகக் கூடுதலாகக் கொஞ்சம் கொடுக்கலாம். ஆனால் இந்தச் சின்னக் கிலோமீட்டர் மோகம் இருப்பதால்தான் மீட்டரைத் திருப்பும் தொழிலே நடக்கிறது. டிஜிட்டல் மீட்டர் வந்ததால் அது நின்றுவிடவில்லை. ஸ்க்ரூடிரைவர் இருந்த இடத்தில் லேப்டாப் வந்திருக்கிறது. மீட்டரில் 28,000 இருக்க, பிரேக் பெடலின் ரப்பர் வழுக்கையாகி, ஸ்டீயரிங் எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தால், ஓனரின் கைகாலில் ஏதோ நோய் என்றுதான் கொள்ள வேண்டும், டாக்டராகவே இருந்தாலும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியின் சர்வீஸ் வரலாறு இருக்கும். ஓனரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லலாம். தயங்கினால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.

'அதெல்லாம் கிடக்கட்டும், மாருதி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்று சொல்ல ஒருவர் இருப்பார். அந்த டீசல் பிரெஸ்ஸாவில் இருந்தது ஃபியட்டின் 1.3 லிட்டர் எஞ்சின். அதே எஞ்சின் ஃபியட் புன்டோவிலும் வேறு பெயரில் டாடா கார்களிலும் ஓடியது. மாருதியில் இருந்தபோது உழைக்கும் என்றார்கள். ஃபியட்டில் இருந்தபோது ஐயோ என்றார்கள். 2020-இல் டொயோட்டா விற்ற அர்பன் குரூஸர், மாருதி தயாரித்த பிரெஸ்ஸாதான். ரெனோ டஸ்டரும் நிசான் டெரானோவும் ஒரகடத்தில் ஒரே ஆலையில் பிறந்தவை. அப்படியிருக்க, நம்பகம் பானெட்டின் மேல் ஒட்டிய சின்னத்திலா இருக்கிறது? வருடத்தையும் கியர்பாக்ஸையும் கேட்காமல் பதிலே சொல்ல முடியாது. மறைமலை நகரில் செய்த ஈகோஸ்போர்ட் நல்ல வண்டியா என்றால், 2017 வரை வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கைத் தொடாதீர்கள் என்பேன். அதில் இருப்பது பவர்ஷிஃப்ட் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். இதே பெயர்கொண்ட கியர்பாக்ஸுக்காக அமெரிக்காவில் ஃபோகஸ், ஃபியஸ்டா வைத்திருந்தவர்கள் ஃபோர்டைக் கோர்ட்டுக்கே இழுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் வேறு ரகம். இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக ஃபோர்டு 2021-இல் அறிவித்ததும் இரண்டுக்கும் சேர்த்தே விலை இறங்கியது என்பதுதான் வேடிக்கை.

கடைசியாக, மாப்பிள்ளையிடம் சம்பளம் கேட்காதவர்கள்கூடக் கேட்கும் கேள்வி: 'எவ்வளவு கொடுக்குது?' பிரெஸ்ஸா டீசலுக்குச் சோதனைக்கூடம் கொடுத்த எண் லிட்டருக்கு 24.3. சோதனைக்கூடத்தில் வேளச்சேரி சிக்னல் கிடையாது. வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், 15 கொடுக்கும் வண்டிக்கும் 18 கொடுக்கும் வண்டிக்கும் வருட வித்தியாசம் சுமார் 11,000 ரூபாய். அதற்காகத் தூக்கத்தைத் தொலைப்பவர், 16 அங்குல டயர் நான்கும் மாற்றினால் முப்பதாயிரத்தைத் தொடும் என்பதை விசாரிப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அந்த 2017 பிரெஸ்ஸாவில் '2317' என்றால் டயருக்கும் வண்டிக்கும் ஒரே வயது. மைலேஜுக்கே திரும்பினால், பெட்ரோல் வண்டிக்குப் பங்க்கில் இப்போது கிடைப்பதோ 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே பழைய ஓனர் சொல்லும் மைலேஜ், அவர் பொய்யே சொல்லாவிட்டாலும், உங்களுக்குக் கிடைக்காது.

எந்த வண்டி என்று சொல்ல வந்தேன், இடம் முடிந்துவிட்டது. வாங்குவது எதுவானாலும், வண்டி கைமாறிய நாளிலிருந்து 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாவிட்டால் சொந்த வண்டிக்கு ஆகும் சேதத்துக்குக் கம்பெனி பணம் தராது. விற்றவர் வைத்திருந்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது.