கதவைத் திற, உட்கார், அப்புறம் பேசு

சென்னையில் ஆட்டோ பிடித்துப் பழகியவன் எந்த ஊரில் டாக்சி ஏறினாலும் சண்டைக்குத் தயாராகத்தான் ஏறுவான். டிரைவர் சொல்லும் தொகையில் பாதிதான் நியாயம் என்பது நமக்கு ரத்தத்தில் ஊறிய சங்கதி. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று 2013இல் அரசு ஆட்டோக் கட்டணம் நிர்ணயித்தது. மீட்டர் பாட்டுக்கு இருந்தது, பேரம் பாட்டுக்கு நடந்தது.

இந்தப் பயிற்சியோடு மும்பை தாதர் ஸ்டேஷனில் இறங்கினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான் அதிர்ச்சி. கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையுமாக நிற்கும் வண்டியில் ஏறுகிறோம். டிரைவர் ஒரு வார்த்தை பேசாமல் மீட்டரைப் போடுகிறார். இறங்கும்போது மீட்டர் காட்டியதை வாங்கிக்கொண்டு, சட்டைப் பையைத் துழாவி மீதி இரண்டு ரூபாயை எடுத்து நீட்டுகிறார். ‘போட்டுக் குடுங்க சார்’ இல்லை, ‘ரிட்டர்ன் காலியா வரணும் சார்’ இல்லை. ரயிலிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்த என் வசனமெல்லாம் வீணாகப் போயிற்று.

அப்படியானால் மும்பை சொர்க்கமா? அவசரப்படாதீர்கள். நம் ஊர் ஆட்டோ எங்கே கூப்பிட்டாலும் வரும், காசில்தான் தகராறு. மும்பையில் காசில் தகராறே கிடையாது. வருவாரா மாட்டாரா என்பதுதான் தகராறு.

அந்த மறுப்பைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஜன்னலருகே குனிந்து, போகவேண்டிய இடத்தைப் பணிவாகச் சொல்கிறோம். டிரைவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்வை முன் கண்ணாடியிலேயே இருக்கிறது. முகவாய் மட்டும் ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்ந்து திரும்புகிறது. அவ்வளவுதான், மனு தள்ளுபடி. ஃபோர்ட் போகணும் என்றால் ‘வண்டி வடக்கே பார்த்து நிக்குது, தெரியலையா?’ என்கிறார்கள். குர்லா போகணும் என்றால் ‘நான் ஃபோர்ட் பக்கம்தான் போவேன்’ என்கிறார்கள். ஒருவர் கதவைத் திறந்து காலை வெளியே நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். நான் இடத்தைச் சொன்னதும் கண்ணைத் திறக்காமலேயே ‘நஹி’ என்றார். தூக்கத்திலும் தொழிலை விடாத அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

மாட்டுங்காவில் நாற்பது வருஷமாகக் குடியிருக்கும் அத்தையிடம் புலம்பினேன். அத்தை கேட்ட முதல் கேள்வியே, “வெளியில நின்னுண்டா கேட்டே?” என்பதுதான்.

“பின்னே எங்கே நின்னு கேக்கறது?”

“நிக்கவே கூடாதுடா. கதவைத் திற, உக்காரு, கதவைச் சாத்து. அப்புறம் எங்கே போகணும்னு சொல்லு. உக்காந்தவனை எழுப்பி விடறதுக்கு அவாளுக்கும் சங்கடமா இருக்கும்.”

மறுநாள் அப்படியே செய்தேன். உட்கார்ந்து, பையை மடியில் இறுக்கிக்கொண்டு, கொலாபா என்றேன். டிரைவர் பின்பார்வைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு மீட்டரைப் போட்டார். கட்சிகளில் தொகுதிப் பங்கீடு நடக்கிற முறையும் இதுதான் என்று நினைக்கிறேன்.

வண்டி நகர்ந்துவிட்டால் அவர்கள் வேறு மனிதர்கள். பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். அவர்களும் பிழைக்க வந்தவர்கள்தான் என்பதால், ஊரைப் பற்றிக் கேட்டால் போதும், பேச்சு பெருகும். இவர் என் ஊரைக் கேட்டார். சென்னை என்றதும், “அங்கே ஆட்டோவில் மீட்டர் உண்டா?” என்றார்.

“உண்டு.”

“போடுவார்களா?”

மாநிலத்தின் மானம் என் கையில் இருந்தது. “உண்டு” என்றேன் மறுபடியும். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பண்பானவர்.

மீட்டருக்கும் அங்கே ஒரு பூர்வ கதை இருக்கிறது. முன்பெல்லாம் அது வண்டிக்கு வெளியே, இடப்பக்கம் இருக்கும். டிரைவர் எட்டிக் கையை நீட்டித் திருப்பினால் டிங் என்று சத்தம் வரும். கட்டணம் ஏற ஏற மீட்டரை மாற்றாமல் அட்டையைத்தான் மாற்றினார்கள். மீட்டர் ஒரு தொகை காட்டும். இத்தனை காட்டினால் இத்தனை கொடு என்று டிரைவர் நீட்டும் அட்டையில் அதுபோலப் பல மடங்கு அச்சாகியிருக்கும். வெளியூர்க்காரன் மீட்டரைப் பார்த்து மகிழ்ந்து, அட்டையைப் பார்த்து மயங்கி விழுவான். எலக்ட்ரானிக் மீட்டர் வந்து அந்த நாடகத்தைக் கெடுத்துவிட்டது.

வண்டியும் அன்று பிரீமியர் பத்மினி. குர்லாவில் இருந்த ஆலையில் பிறந்த கார். பத்மினி என்றால் நமக்கு நாட்டியப் பேரொளி நினைவுக்கு வருவார். அந்த வண்டியும் ஆடிக்கொண்டேதான் போகும். கியர் ஸ்டியரிங்கோடு ஒட்டியிருக்கும். கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. மும்பையில் டாக்சிக்கு 20 வயதுதான் ஆயுள் என்பதால், 2023 அக்டோபர் 30 முதல் அதுவும் ரோட்டில் இல்லை. இப்போது ஓடுபவை சிறிய மாருதிகளும் ஹூண்டாய்களும். ஏ.சி. உண்டா என்று கேட்காதீர்கள். ஜன்னல் உண்டு.

புறநகரில் தங்கினால் இன்னொரு வேடிக்கை. அந்தேரியில் ஆட்டோ தாராளமாகக் கிடைக்கும், மீட்டர் போட்டே வரும். ஆனால் மேற்கே பாந்த்ராவைத் தாண்டியும், கிழக்கே சயானைத் தாண்டியும் தெற்கே ஆட்டோ வரக்கூடாது என்பது சட்டம். லட்சுமணன் கிழித்த கோட்டையாவது சீதை தாண்டினாள். இதை எந்த ஆட்டோவும் தாண்டாது. பெட்டி படுக்கையோடு இறங்கி டாக்சி தேட வேண்டியதுதான். மறுபடி முகவாய், மறுபடி ஒரு விரற்கடை.

ஆப்பில் கூப்பிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்பீர்கள். அங்கேயும் டிரைவர் போன் செய்து எங்கே போகணும் என்று கேட்கிறார், சொன்னதும் கேன்சல் ஆகிறது. முகவாயை நாம் பார்க்க முடியாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

என் ஓட்டு ஷேர் டாக்சிக்கு. எல்லோரும் இன்னும் வி.டி. என்றே சொல்லும் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸுக்கு வெளியே, நரிமன் பாயின்ட் போக ஆபீஸ்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். தள்ளுமுள்ளு கிடையாது. வண்டி வர வர முதலில் நிற்பவர்கள் ஏறிக்கொள்வார்கள், ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு இறங்குவார்கள். போகும் இடம் முன்பே முடிவாகிவிட்டதால் டிரைவருக்கு மறுக்க எதுவுமில்லை. மூன்று அந்நியர்களோடு தொடை இடிக்க உட்கார்ந்து போகிற அந்தச் சவாரியில்தான் நான் மும்பையில் முதல்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டேன். விட இடம் குறைவு என்றாலும்.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். 2025 பிப்ரவரி 1 முதல் கறுப்பு மஞ்சள் டாக்சிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 31 ரூபாய், அதற்கு ஒன்றரைக் கிலோமீட்டர் போகலாம். நள்ளிரவிலிருந்து காலை 5 மணிவரை கால் பங்கு கூடுதல். ஒரு ரூபாய் நாணயங்களைச் சேர்த்து எடுத்துப் போங்கள். தயவுசெய்து பேரம் மட்டும் பேசாதீர்கள், நம் ஊர்ப் பெயர் கெட்டுவிடும்.