குலுக்கிப் பார்த்துச் சொல்லவும்

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு, பல் தேய்த்துவிட்டுப் படுக்கப் போன பையன் கதவோரம் நின்று, "அப்பா, செவ்வாய்க்கிழமை ஒரு பிராஜெக்ட் குடுக்கணும்" என்றான். காலை பத்து மணிக்கு ஒரு பிராஜெக்ட் நினைவுக்கு வந்ததாக எங்கள் குடும்ப வரலாற்றிலேயே கிடையாது. டைரியை வாங்கிப் பார்த்தேன். 'காதுக்கும் கைக்கும் வேலை தரும் எளிய பொருள் ஒன்றை வடிவமைத்து வரவும். பெற்றோர் உதவலாம்.' பள்ளிக்கூடத் தமிழில் 'உதவலாம்' என்றால் 'செய்து கொடுக்கவும்' என்று பொருள். ஆறாம் வகுப்பில் படிப்பது அவன்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து தெர்மாகோல் வெட்டிக்கொண்டிருப்பது நான். இதுவரை ஓர் எரிமலை, இரண்டு சூரியக் குடும்பம், ஒரு குடவோலைத் தேர்தல் முடித்திருக்கிறேன்.

'எளிய' என்ற சொல்லை அப்போதே கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை வங்கியில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்க மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனேன். கல்லூரியில் நான் படித்தது வணிகவியல். ஆனாலும் பக்கத்து வீட்டில் டிவி ரிப்பேர் செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். 555 என்றொரு சில்லு. 1971இல் ஹான்ஸ் காமென்சிண்ட் என்பவர் வடிவமைத்தது; இன்றும் கடையில் சுண்டல் வாங்குவதுபோல வாங்கலாம். இதனோடு ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு குட்டி ஸ்பீக்கர், இரண்டு ஆணி. ஆணிக்கு ஒரு கை வீதம் வைத்தால் நம் உடம்பே கம்பியாகிச் சத்தம் வரும். கை ஈரமாக இருந்தால் மின்சாரம் சுலபமாக ஓடும், சுருதி ஏறும், காய்ந்திருந்தால் இறங்கும். ஓடுவது ஆம்பியரில் லட்சத்தில் ஒன்றிரண்டு பங்குதான், எறும்பைக்கூட எழுப்பாது என்றார் பெரியவர்.

இரவு ஏழு மணிக்குச் சோதனை ஓட்டம். பையன் தொட்டான், 'ஙொய்ய்' என்றது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மனைவி ஈரக்கையோடு வந்து தொட்டாள், 'கீ' என்று வீறிட்டது. நான் தொட்டேன். தவளை ஒன்று எங்கோ தொலைவில் தொண்டையைச் செருமுவதுபோல் 'டுக்... டுக்...' என்றது. இருபத்திரண்டு வருடம் நோட்டு எண்ணிக் காய்ந்த கை. "உங்ககிட்ட எதுவும் சட்டுனு ஓடாதுன்னு அந்தச் சில்லுக்கே தெரிஞ்சிருக்கு" என்றாள் மனைவி. அம்மாவைக் கூப்பிட்டோம். "கரண்டுல நான் கை வைக்க மாட்டேன்" என்று எழுந்து பூஜை அறைக்குப் போய்விட்டாள்.

பையன்தான் அதைக் கொன்றான். கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தவன், "அப்பா, கைக்கு என்ன வேலை? ரெண்டு பக்கமும் ஒரே ஆணிதானே!" என்றான். யோசித்தால் நியாயம்தான். காது பாடுபடுகிறது, கை சும்மா சுவிட்சாக நிற்கிறது. திருத்தலாம் என்று பிரித்து மாட்டியபோது பேட்டரியைத் திருப்பி மாட்டிவிட்டேன். சில்லு சூடாகி ஒரு வாசனை வந்தது. மணி எட்டு.

பூஜை அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எய்யா, இதுக்கா இம்புட்டுப் பாடு? ஒரு கிலுகிலுப்பை பண்ணிக் குடுத்தாத் தீந்துச்சு."

அம்மாவுக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். பனை ஓலையைச் சதுரமாக முடைந்து, உள்ளே நாலு பொடிக்கல்லைப் போட்டு, கைப்பிடி விட்டுத் திருவிழாக் கடைகளில் தொங்கவிட்டிருப்பார்களே, அந்தக் கிலுகிலுப்பை. அதில் பேட்டரி இல்லை, ஆனாலும் ஒரு குறையும் இல்லை. ஓலைப் பின்னலின் மேடு பள்ளம் கைக்கு, கல் காதுக்கு. அசைத்த நொடியே பதில் வரும்; 'இது என்னால் வந்தது' என்று கைக்குழந்தைக்கும் புரிந்துவிடும். எங்கள் அடுக்ககத்து லிஃப்ட் பொத்தானுக்கு இந்த அறிவு இல்லை. அழுத்தினால் விளக்கும் எரியாது, சத்தமும் வராது. ஆகவே ஒவ்வொருவரும் ஆறு முறை அழுத்துகிறோம், ஏதோ லிஃப்டுக்கு ரோஷம் வந்து சீக்கிரம் இறங்கிவரும் என்பதுபோல.

"நான் என்ன கைக்குழந்தையா? கிளாஸ்ல சிரிப்பாங்க" என்றான் பையன். பார்வையற்றோர் கிரிக்கெட் பற்றிச் சொன்னேன். பிளாஸ்டிக் பந்துக்குள் உலோகக் குண்டுகள் கிடக்கும். கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும். பாதித் தூரத்துக்கு முன்பே பந்து தரையில் பட்டாக வேண்டும், சலசலப்பைக் கேட்டு மட்டை போட. வீசுகிறவர் 'ரெடியா?' என்று கேட்டு, 'ஆமாம்' என்று பதில் வந்த பிறகு, 'பிளே' என்று சொல்லித்தான் பந்தை விடுவார். 2012இல் நடந்த முதல் டி20 உலகக் கோப்பையை வென்றது இந்தியா. "அதுவும் கிலுகிலுப்பைதான்" என்று முடித்தேன். கிலுகிலுப்பையின் மதிப்பு எங்கள் வீட்டில் அந்த நிமிடமே உயர்ந்தது.

இப்போது மனைவியின் முறை. கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் மழலையர் பள்ளியில் வேலை பார்த்தவள். அந்த இரண்டு வருடம் பேச்சில் வராத வாரம் கிடையாது. மாண்டிசோரி முறையில் ஒலிப் பெட்டிகள் உண்டு என்றாள். ஒரு பெட்டியில் சிவப்பு மூடி போட்ட ஆறு உருளைகள், இன்னொன்றில் நீல மூடி போட்ட ஆறு. குலுக்கிக் கேட்டு ஜோடி சேர்க்க வேண்டும். சரியா என்று ஆசிரியரைக் கேட்க வேண்டியதில்லை, கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரே நிறப் பொட்டு இருக்கும். மரியா மாண்டிசோரி 1939இல் நம் அடையாறு பிரம்ம ஞான சபைக்குப் பயிற்சி நடத்த வந்தவர். இத்தாலியும் போரில் இறங்கியது, இத்தாலிக்காரர் என்பதால் ஊருக்குத் திரும்ப முடியாமல் போனது. கொடைக்கானலில்கூட இருந்திருக்கிறார். நம் ஊரில் இத்தனை வருடம் இருந்தவர் குங்குமச் சிமிழைப் பார்த்தாரோ இல்லையோ, எனக்கு அப்போது அதுதான் கண்ணில் பட்டது.

கல்யாணத் தாம்பூலப் பையில் வருமே, அந்தப் பிளாஸ்டிக் சிமிழ். தூக்கிப் போடவும் மனம் வராது, குங்குமம் வைக்கவும் மாட்டோம். அலமாரியின் மேல்தட்டில் நாற்பத்தோரு சிமிழ் இருந்தது. இவற்றில் சில, விவாகரத்தாகிவிட்ட கல்யாணங்களைச் சேர்ந்தவை. ஒரே அளவில் பன்னிரண்டைப் பொறுக்கினோம்.

முதலில் அரிசியை நிரம்பப் போட்டு மூடிக் குலுக்கினேன். சத்தமே இல்லை. அம்மா எட்டிப் பார்த்தாள். "வயிறு முட்டத் தின்னவன் எங்க பேசுவான்?" மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தேன், பேசியது. தானியம் ஓடி விளையாட இடம் வேண்டும் என்பதுதான் விஷயம். அரிசி, துவரம்பருப்பு, கடுகு, கேழ்வரகு, கொண்டைக்கடலை என்று ஐந்து ஜோடி. ஆறாவதுக்கு 25 பைசாக் காசு. 2011 ஜூன் 30 முதல் எந்த வங்கியும் வாங்காத காசு. என் மேசை இழுப்பறையில் ஒரு பிடி கிடந்தது. செல்லாது என்று அரசு சொல்லிவிட்டதே தவிர, குலுக்கினால் இன்னும் பணக்காரத்தனமாகத்தான் சத்தம் போடுகிறது.

ஜோடி என்றால் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். கொண்டைக்கடலையை எண்ணிப் போட்டேன், சிமிழுக்கு ஆறு. பையன் இரண்டையும் காதருகே ஆட்டிவிட்டு, "ஒண்ணுல குறையுது" என்றான். திறந்தால் ஐந்து. கணக்கு நேராகாத நாளில் மேனேஜர் முன் நிற்பதுபோல் நின்றேன். ஆறாவதை அம்மா வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்து கைக்கு வேலை. கண்ணை மூடி ஆடுகிற ஆட்டத்துக்கு நிறப் பொட்டு எதற்கு? அடியில் தொட்டு அறியும்படி ஒட்டுவோம் என்று பையன்தான் சொன்னான். காது கேள்வி கேட்கும், விரல் விடை பார்க்கும். உப்புத்தாள், நகைப்பெட்டி வெல்வெட், சாக்கு, சைக்கிள் டியூப், காலி மாத்திரை அட்டை, பஞ்சு. இதில் உப்புத்தாள் கடுகுக்கு, வெல்வெட் கேழ்வரகுக்கு. சிமிழின் அடி ஒரு நாணய அகலம்தான், போதுமா என்று சந்தேகம். விரல் நுனிக்கு அதுவே மைதானம். இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இரண்டு முனை வைத்தாலும் தனித்தனியாக உணரும். பிரெய்ல் புள்ளிகளின் இடைவெளியே சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான். முதுகுக்கு இதே வித்தியாசம் தெரியச் சில சென்டிமீட்டர் வேண்டும். அரிக்கிற இடத்தை மனைவிக்குச் சரியாகச் சொல்ல என்னால் ஏன் ஒருநாளும் முடிந்ததில்லை என்பது அன்றுதான் விளங்கியது.

நொடியில் ஒட்டும் பசையால் மூடிகளை ஒட்டினேன். கொண்டைக்கடலைச் சிமிழோடு என் கட்டைவிரலும் ஒட்டிக்கொண்டது. இருபது நிமிடம் வெந்நீரில் கை வைத்திருந்தேன். தலையைச் சொறிந்தாலும் சத்தம் வந்தது.

முதல் ஆட்டம் அம்மாவுக்கு. கண்புரை அறுவை செய்தும் பார்வை அவ்வளவு தெளிவில்லை, ஆகவே கண்ணைக் கட்டத் தேவையில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். ஒவ்வொன்றாக எடுத்து ஒரே ஓர் ஆட்டு. "கடலை. பருப்பு. இது காசு." எங்கள் மூவருக்கும் கடுகும் கேழ்வரகும் ஒன்றாகவே கேட்டன, பையன் கேழ்வரகை எடுத்துவிட்டு ரவை போடலாம் என்று பிடிவாதம். அம்மா இரண்டையும் இரண்டு காதில் வைத்து ஆட்டினாள். "கடுகு உருளும். கேப்பை சரசரங்கும். இதுகூடவா தெரியல?" என்று பிரித்து வைத்தாள். கவிழ்த்துத் தடவினோம். இந்தப் பக்கம் உப்புத்தாள், அந்தப் பக்கம் வெல்வெட். ஐம்பது வருடம் டப்பாவைத் திறக்காமல் ஆட்டியே மாதக் கடைசியைக் கணக்கிட்ட காது. அரிசிச் சிமிழை மட்டும் இன்னொரு தரம் ஆட்டிப் பார்த்தாள். "எய்யா, இது பழசு. வண்டு வைக்கும்" என்றாள். மணி பதினொன்றரை. யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவன் வகுப்புக்கு வந்தவற்றில் தொட்டால் மூன்று மொழியில் வணக்கம் சொல்லும் பலகை ஒன்றும் இருந்ததாம். அந்தத் தந்தைக்கு என் மனமார்ந்த அனுதாபங்கள். எங்கள் பெட்டிக்கு 'நன்று' கிடைத்தது. வகுப்பின் மூலையிலேயே வைத்து, இடைவேளையில் பிள்ளைகள் ஆடட்டும் என்று ஆசிரியை சொல்லிவிட்டார்.

ஒரு மாதம் கழித்துப் பையன் ஓடி வந்தான். "அப்பா, அரிசிச் சிமிழ் யாரும் தொடாமலே சத்தம் போடுது!" அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து உள்ளேயே முட்டையிட்டு, துளையையும் அடைத்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகித்தான் வெளியே வரும். வகுப்பு முழுவதும் வரிசையில் நின்று காதை வைத்துக் கேட்டதாம். மூன்று மொழிப் பலகையின் பக்கம் அன்று ஆளே இல்லை.

பெட்டி வீட்டுக்குத் திரும்பிவிட்டது. அரிசியை மாற்றி, அம்மா சொன்னபடி ஒரு காய்ந்த வேப்பிலையும் போட்டிருக்கிறோம். கூடத்தில் அவள் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபிக்கு முன் அதுதான். நீங்கள் வந்தால் உங்களையும் கண்ணை மூடச் சொல்வாள். கடுகையும் கேழ்வரகையும் மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.